ஆமர்ஸ்ஃபோர்ட்டில் ஃப்ளாட் வாங்கிய கதை: வீட்டைவிட முதலில் சங்கத்தின் காகிதங்களைப் பாருங்கள்

நெதர்லாந்தில் ஃப்ளாட் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சு உடனே வட்டிக்குப் போய்விடுகிறது. எந்த வங்கி, எத்தனை வருடத்துக்கு நிலையான வட்டி, கேட்கும் விலைக்கு மேல் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று. எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் சங்கம் கடைசியாக எப்போது கூடியது, அதன் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது? இதைக் கேட்காமலேயே நாங்கள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அதிலிருந்து வெளியே வர எங்களுக்கு இருந்தது நான்கே நாள்.

நானும் கணவரும் 2017இல் உட்ரெக்ட்டுக்கு வந்தோம். வாடகை ஒவ்வொரு ஜூலையிலும் ஏறிக்கொண்டே போனது. மகளுக்கு நான்கு வயது நெருங்கியது, இங்கே பிள்ளைகள் நான்கு வயதில் பள்ளி தொடங்குவார்கள், அதனால் ஓர் இடத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. நிரந்தர வதிவிட அனுமதியும் கையில் வந்துவிட்டது. உட்ரெக்ட்டில் எங்கள் பணத்துக்கு ஒற்றைப் படுக்கையறை தாண்டி எதுவும் கிடைக்காது என்பது ஒரு மாதத்திலேயே புரிந்தது. ரயிலில் கால் மணி நேரம் கிழக்கே போனால் ஆமர்ஸ்ஃபோர்ட். சுமார் 1,60,000 பேர் வாழும் ஊர், நடுவில் பழைய நகரம், ஆற்றின் மேலேயே கட்டிய கொப்பெல்போர்ட் என்ற பழைய கோட்டைவாசல், 98 மீட்டர் உயரத்தில் ஒரு மாதாகோயில் கோபுரம். ஊர்க்காரர்கள் அதை லாங்க யான், அதாவது நெட்டை யான், என்று கூப்பிடுகிறார்கள். நெதர்லாந்தின் நில அளவை ஆயத்தொலைவுகளுக்கு மையப்புள்ளியே அந்தக் கோபுரம்தான். பிற்பாடு எங்கள் பத்திரம் நிலப் பதிவகமான கடாஸ்டரில் பதிவானபோது அது நினைவுக்கு வந்து எனக்கு ஏனோ மனம் நிறைந்தது.

வீடு தேடுவது எல்லோரையும் போல ஃபண்டா இணையதளத்தில்தான். அங்கே 'மூன்று அறை' என்று போட்டிருந்தால் ஹாலையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள், நம் கணக்கில் அது டூ பெட்ரூம். விலைக்குப் பக்கத்தில் 'கே.கே.' என்று இருக்கும். கோஸ்டன் கோப்பர், அதாவது பத்திரச் செலவும் வரியும் வாங்குபவர் தலையில். கேட்கும் விலை என்பது பெரும்பாலும் ஆரம்பப் புள்ளி மட்டுமே. முதலில் ஸ்கொட்ஹொர்ஸ்ட் பகுதியில் ஒரு ஃப்ளாட்டுக்குக் கேட்ட விலையையே அப்படியே சொன்னோம், இரண்டு நாளில் 'வேறொருவருக்குப் போய்விட்டது' என்று பதில். இரண்டாவது வீட்டுக்கு 15,000 யூரோ கூட்டிச் சொன்னோம். அதுவும் போயிற்று.

அந்த இரண்டாவது தோல்வியில் ஒன்று கற்றுக்கொண்டோம். என்.வி.எம். என்ற வீட்டுத் தரகர் சங்கத்தின் உறுப்பினர்கள் 2023லிருந்து, யார் எவ்வளவு சொன்னார்கள் என்பதைப் பதிவு செய்து வைக்க வேண்டும். விற்பனை முடிந்த பிறகு, தோற்றவர்களும் அந்தப் பட்டியலைப் பெயர் இல்லாமல் பார்க்கலாம். பார்த்தோம். ஜெயித்தவர் எங்களைவிட 2,000 யூரோ குறைவாகத்தான் சொல்லியிருந்தார்! ஆனால் 'வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் விலகிக்கொள்வேன்' என்ற நிபந்தனையை அவர் போடவில்லை. விற்பவருக்கு அந்த நிம்மதி 2,000 யூரோவுக்கு மேல் மதிப்பாகப் பட்டிருக்கிறது. அதற்காக நீங்களும் அந்த நிபந்தனையைத் தூக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கடன் கிடைக்காமல் போனால் விலையில் 10 சதவீதம் அபராதம். நாங்கள் கடைசிவரை அந்த நிபந்தனையை விடவில்லை. அதற்குப் பதிலாக, கடன் ஆலோசகரிடம் சம்பளச் சான்று, வேலை கொடுப்பவரின் சான்றிதழ் எல்லாவற்றையும் முன்கூட்டியே கொடுத்துச் சரிபார்த்துவிட்டு, அதை விலை சொல்லும் கடிதத்தில் எழுதினோம். அது உதவியது.

மூன்றாவதுதான் அந்தப் பழைய நகரத்து வீடு. நூறு வருடத்துக்கு மேல் பழைய செங்கல் கட்டடம், உள்ளே ஆறு ஃப்ளாட்டாகப் பிரித்திருந்தார்கள். மேல்மாடி ஜன்னலைத் திறந்தால் கோபுரம் தெரியும், மணிநேரத்துக்கு ஒருமுறை மணியோசை உள்ளே வரும். சங்கத்துக்குக் கட்டும் மாதச் சந்தா 60 யூரோதான் என்று விளம்பரத்தில் இருந்தது, அதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். மற்ற ஃப்ளாட்டுகளில் 200க்கு மேல் கேட்கும்போது இங்கே 60 என்றால் லாபம்தானே என்று நினைத்தோம். அதுவரை வாங்குபவர் பக்கத்துத் தரகர் யாரையும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை, மூவாயிரம் யூரோவை மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணம். விலை சொன்னோம், ஏற்றுக்கொண்டார்கள். ஃபோனில் 'வாழ்த்துகள்' என்றார் விற்பவரின் தரகர். (அந்த வாழ்த்தை நம்பி ஊருக்கெல்லாம் சொல்லிவிடாதீர்கள். எழுத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடும்வரை வீடு உங்களுடையது ஆகாது. விற்பவர் அதற்குள் மனம் மாறலாம்.) ஒரு வியாழக்கிழமை மாலை கையெழுத்தும் போட்டோம்.

சங்கத்தின் காகிதங்கள் 'பிறகு அனுப்புகிறோம்' என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை அவை வந்தன.

இந்தச் சங்கம் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. இங்கே ஃப்ளாட் வாங்கினால் அந்த நான்கு சுவருக்குள் இருப்பதை நீங்கள் தனியாக வாங்குவதில்லை. முழுக் கட்டடத்திலும் நிலத்திலும் ஒரு பங்கு வாங்குகிறீர்கள், கூடவே குறிப்பிட்ட ஒரு ஃப்ளாட்டை நீங்கள் மட்டும் பயன்படுத்தும் உரிமை வருகிறது. நம் ஊரில் யு.டி.எஸ். என்று நிலத்தில் பிரிக்கப்படாத பங்கைப் பத்திரத்தில் எழுதுவார்களே, அதைக் கூரை, சுவர், லிஃப்ட், குழாய் எல்லாவற்றுக்கும் நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. பத்திரம் பதிவான நொடியில் நீங்கள் வி.வி.இ. என்கிற உரிமையாளர் சங்கத்தின் உறுப்பினர், வேண்டாம் என்று சொல்ல முடியாது. கூரை ஒழுகினால் உங்கள் பங்குக்கு நீங்கள் பணம் கட்டியாக வேண்டும், கீழ்த்தளத்தில் இருந்தாலும்கூட. 2018லிருந்து சட்டப்படி ஒவ்வொரு சங்கமும் பெரிய பராமரிப்புக்கு என்று வருடாவருடம் பணம் ஒதுக்க வேண்டும். பல வருடப் பராமரிப்புத் திட்டம் ஒன்று போட்டு அதன்படி ஒதுக்கலாம், இல்லையென்றால் கட்டடத்தைத் திரும்பக் கட்ட ஆகும் செலவில் குறைந்தது 0.5 சதவீதம் ஒதுக்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை வந்த கோப்பில் மூன்றே காகிதம். கட்டடத்தைப் பிரித்த பத்திரம், காப்பீட்டுச் சான்று, நான்கு வருடத்துக்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பு ஒன்று. எங்கள் டச்சு, கடைக்கும் பள்ளிக்கும் போதும், இதற்குப் போதாது. நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தில் மேல்மாடியில் ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் இருந்தார். சனிக்கிழமை காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் வாய் திறக்காமல் படித்தார். பிறகு, "இந்தச் சங்கம் தூங்குகிறதம்மா" என்றார். டச்சிலும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஸ்லாபெண்ட வி.வி.இ., தூங்கும் சங்கம். பெயருக்குப் பதிவில் இருக்கும், கூட்டம் இல்லை, கணக்கு இல்லை, திட்டம் இல்லை.

அவர் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியது இன்னும் என்னிடம் இருக்கிறது. காப்பீட்டுச் சான்றின்படி கட்டடத்தைத் திரும்பக் கட்ட 15 லட்சம் யூரோ. அதில் 0.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 7,500. ஆறு வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 1,250, மாதத்துக்கு நூற்றுச் சொச்சம். சேமிப்புக்கு மட்டுமே அவ்வளவு. இவர்கள் வாங்குவதோ காப்பீடு, படிக்கட்டு விளக்கு எல்லாம் சேர்த்து 60! பழைய கூட்டக் குறிப்பின் கடைசி வரியில் 'கூரை வேலை மறுபடி தள்ளிவைக்கப்பட்டது' என்று இருந்தது. கணக்கில் அப்போதிருந்த பணம் 4,200 யூரோ. கூரை ஓடுகளை எல்லாம் மாற்றி மரச்சட்டமும் பார்க்க வேண்டுமென்றால் 90,000 ஆகலாம் என்பது அவருடைய மதிப்பீடு. எங்கள் பங்கு 15,000. குறைந்த சந்தா என்று நாங்கள் சந்தோஷப்பட்ட அந்த 60 யூரோ, ஆறு குடும்பம் பல வருடம் கட்டாமல் விட்ட கடனின் அடையாளம், அதைக் கட்டப்போவது அடுத்து வாங்குபவர்.

இங்கே ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. குடியிருக்க வீடு வாங்குபவருக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் கையில் கிடைத்ததிலிருந்து மூன்று நாள் யோசிக்க அவகாசம், காரணம் சொல்லாமல் விலகலாம், ஒரு பைசா அபராதம் இல்லை. அந்த மூன்று நாளில் குறைந்தது இரண்டு நாளாவது சனி, ஞாயிறு, விடுமுறை இல்லாத நாளாக இருக்க வேண்டும். நகல் எங்களுக்கு வியாழக்கிழமை கிடைத்ததால் வெள்ளி, சனி, ஞாயிறு போக திங்கட்கிழமை நள்ளிரவுவரை நீண்டது. ஞாயிறு முழுக்க வீட்டில் விவாதம். கணவருக்கு அந்த ஜன்னல் மேல் அவ்வளவு ஆசை. "என்னங்க, ஜன்னல் நம்முடையது இல்லை, அதுவும் சங்கத்துடையதுதான்" என்று நான் சொன்னபோது அவருக்கும் புரிந்தது, எனக்குமே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. திங்கள் மாலை மின்னஞ்சல் அனுப்பினோம், ஃபோனில் சொல்லிவிட்டு நிறுத்தாமல் எழுத்தில், தேதியோடு, கிடைத்ததற்குப் பதிலும் கேட்டு வாங்கினோம். அன்று இரவு இரண்டு பேரும் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் அந்த முடிவைப் பற்றி ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

அதற்கப்புறம் வாங்குபவர் பக்கத்துத் தரகர் ஒருவரை வைத்துக்கொண்டோம், ஆன்கோப்மாக்கெலார் என்பார்கள். கட்டணம் 3,200 யூரோ. அவர் முதல் சந்திப்பிலேயே ஒரு விதி சொன்னார்: சங்கத்தின் காகிதங்கள் வராமல் விலை சொல்வதில்லை. என்னென்ன கேட்க வேண்டும் என்று அவரிடம் கற்றதை அப்படியே தருகிறேன். கடைசி இரண்டு மூன்று வருடக் கூட்டக் குறிப்புகள், வருடக் கணக்கு, எம்.ஜே.ஓ.பி. என்கிற பல வருடப் பராமரிப்புத் திட்டம், பிரிப்புப் பத்திரம், வீட்டு விதிகள், கட்டடக் காப்பீடு. இதில் கூட்டக் குறிப்புதான் தங்கம். கணக்கில் எண் மட்டும் இருக்கும், குறிப்பில் மனிதர்கள் இருப்பார்கள். எந்தக் குழாய் மூன்று வருடமாக ஒழுகுகிறது, யார் சந்தா கட்டவில்லை, எந்த வேலைக்கு எத்தனை பேர் எதிர்த்தார்கள் எல்லாம் அதில் தெரியும். விலை எவ்வளவு சொல்வது என்பதற்கும் அவர் உதவினார், ஆனால் அதற்கு நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டு வரிக்காக நகராட்சி போடும் வோஸ் மதிப்பை எந்த வீட்டுக்கும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அது முந்தைய வருடம் ஜனவரி 1ஆம் தேதி நிலவரம் என்பதை மட்டும் மறக்காதீர்கள், சந்தை அதற்குள் நகர்ந்திருக்கும்.

லீண்டர்ட் பகுதியில் கிடைத்தது எங்கள் ஃப்ளாட். 1960களின் கட்டடம், 72 வீடு, நாலாவது மாடி, 82 சதுர மீட்டர். பார்க்க அழகு என்று சொல்ல மாட்டேன், நீளமான பெட்டி. ஒவ்வொரு மாடியிலும் வெளிப்பக்கம் நீண்ட நடைபாதை ஓடும், அதிலிருந்துதான் வீட்டுக்குள் நுழைவது, கேலரிஃப்ளாட் என்பார்கள். இந்த வகைக் கட்டடம் என்றால் கட்டாயம் ஒன்று கேளுங்கள். 2011இல் லேயுவார்டன் நகரில் இப்படி ஒரு கட்டடத்தில் நடைபாதைத் தளம் இடிந்து விழுந்தது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்ததை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பிறகு இந்த மாதிரிக் கட்டடங்களில் ஆய்வு கட்டாயமானது. எங்கள் சங்கத்திடம் கேட்ட மறுநாளே ஆய்வறிக்கை வந்தது, எங்கே வலுப்படுத்தினார்கள் என்ற படத்தோடு. 1993இல்தான் ஆஸ்பெஸ்டாஸுக்கு இங்கே முழுத் தடை வந்தது, அதற்கு முந்தைய கட்டடம் என்பதால் அதையும் கேட்டோம், பழைய குழாய்ப் பெட்டியில் கொஞ்சம் இருக்கிறது, உடைக்காமல் விட்டால் ஆபத்தில்லை என்று எழுதியே கொடுத்தார்கள். சங்கத்தின் சேமிப்பு 6,40,000 யூரோ. மாதச் சந்தா 212, கூடவே கட்டடம் முழுக்க ஒரே கொதிகலனில் சூடாக்குவதால் அதற்கு முன்பணம் 95. அந்தப் பழைய வீட்டின் 60ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அதே நாங்கள், இந்த 212ஐப் பார்த்து நிம்மதி அடைந்தோம்.

கேட்ட விலை 3,55,000. நாங்கள் 3,71,500 சொன்னோம், கிடைத்தது.

பணக் கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எங்களுக்கு முழுசாகச் சொல்லவில்லை. வங்கி, வீட்டின் மதிப்பில் 100 சதவீதம்வரை கடன் கொடுக்கும். மதிப்பு என்பது மதிப்பீட்டாளர் போடுவது, நீங்கள் கொடுத்த விலை அல்ல. எங்களுக்கு 3,65,000 என்று மதிப்புப் போட்டார்கள், மீதி 6,500 எங்கள் கையிலிருந்து. வீடு வாங்கும் வரி 2 சதவீதம். ஆனால் 18லிருந்து 35 வயதுக்குள், முதல்முறை அந்தச் சலுகையைப் பயன்படுத்துகிறவர், தானே குடியிருக்கும் வீடு, 2024இல் மதிப்பு 5,10,000 யூரோவுக்குள் என்றால் வரி இல்லை. இந்தச் சலுகையை ஆளுக்கு ஆள் பார்க்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியவில்லை. எனக்கு 34, கணவருக்கு 37. என் பாதிக்கு வரி இல்லை, அவர் பாதிக்கு 3,715 யூரோ. பிறந்தநாள் நெருங்குகிறது என்றால் கணக்கில் வருவது நோட்டாரிஸிடம், அதாவது பத்திரத்தை எழுதி முடிக்கும் சட்ட அலுவலரிடம், பத்திரம் முடியும் தேதி, ஒப்பந்தத் தேதி இல்லை. என்.எச்.ஜி. என்ற தேசியக் கடன் உத்தரவாதம் எடுத்தோம், அந்த வருடம் 4,35,000 யூரோவரை கிடைத்தது, கட்டணம் கடனில் 0.6 சதவீதம், அதாவது 2,190. அதனால் வட்டி குறைந்தது, வேலை போனாலோ மணமுறிவு வந்தாலோ வீட்டை நஷ்டத்தில் விற்க நேர்ந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மிச்சக் கடனை அது பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து வந்து தனியாக இருக்கும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது பெரிய தைரியம். கடன் ஆலோசகர் 2,900, மதிப்பீடு 750, கட்டட ஆய்வு 400, நோட்டாரிஸும் மொழிபெயர்ப்பாளரும் 1,650, தரகர் 3,200. முன்பணம் 10 சதவீதத்துக்குப் பதிலாக வங்கி உத்தரவாதம் கொடுத்தோம், அதற்கு 371. எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 21,700 யூரோ ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டியிருந்தது. கடனுக்காகச் செலவான ஆலோசனை, மதிப்பீடு, கடன் பத்திரம், உத்தரவாதக் கட்டணம் இவற்றை அந்த வருட வருமானவரிக் கணக்கில் கழிக்கலாம், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். தரகர் கட்டணத்தையும் வீடு வாங்கும் வரியையும் கழிக்க முடியாது.

பத்திரம் முடிக்கும் நாள் காலை, நோட்டாரிஸிடம் போகும் முன் வீட்டைக் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்கள். மீட்டர் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும், குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்தால் தரையே இல்லை. வெறும் கான்கிரீட். நாங்கள் பார்க்க வந்தபோது இருந்த அழகான மரத்தரையை விற்றவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அதில் அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒப்பந்தத்தோடு ஒரு பொருள் பட்டியல் வரும், எது வீட்டோடு இருக்கும், எதை எடுத்துச் செல்வார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டத்தில் குறி போட்டிருப்பார்கள். தரைக்கு நேரே 'எடுத்துச் செல்லப்படும்' என்றே இருந்தது. திரைச்சீலை, விளக்கு எல்லாம் பார்த்தேன், தரையை யாராவது பெயர்த்துக்கொண்டு போவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கே அது சாதாரணம்.

நோட்டாரிஸிடம் மொழிபெயர்ப்பாளர் வைத்தது நல்லதாயிற்று. பத்திரம் டச்சில், நமக்குப் புரிகிறது என்று நோட்டாரிஸுக்கு உறுதி ஏற்பட வேண்டும். பணம் நேரே விற்றவருக்குப் போகாது, நோட்டாரிஸின் தனிக் கணக்கு வழியாகவே போகும். கடாஸ்டரில் பதிவாகும்போதுதான் வீடு நம்முடையது. சாவி வாங்கி வெளியே வந்ததும் கணவர் திருச்சியில் மாமியாருக்கு வீடியோ அழைப்பு போட்டார். வெறும் கான்கிரீட்டில் பால் காய்ச்சினோம்.

அப்புறம் தரை. லேமினேட் வாங்கக் கடைக்குப் போகும் முன் சங்கத்தின் வீட்டு விதிகளைத் திறந்து பார்த்தேன், இந்த முறை ஒழுங்காக. கடினமான தரை போட்டால் அடியில் 10 டெசிபல் சத்தம் குறைக்கும் விரிப்பு போட வேண்டும், அதன் சான்றிதழைச் சங்கத்துக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது. விலை மலிவான விரிப்பில் அந்தச் சான்றிதழ் இல்லை. கீழ்வீட்டில் வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். எங்கள் மகள் ஓடும் ஓட்டத்துக்கு அந்த விரிப்பு இல்லாமல் அவர் பாடு திண்டாட்டமாகியிருக்கும்.

நம் சமையலுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. புகை இழுக்கும் சிம்னி ஒன்று, மோட்டார் வைத்தது, நல்ல சக்தியுள்ளதாகப் பார்த்து வாங்கிவிட்டேன். பொருத்த வந்தவர் சுவரில் இருந்த துளையைக் காட்டி, இது கட்டடம் முழுக்கப் போகும் பொதுக் காற்றுக்குழாய், இதில் மோட்டார் வைத்ததை இணைக்கக் கூடாது, காற்றழுத்தம் மாறி உங்கள் வீட்டுப் புகை மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போகும் என்றார். வெங்காயம் தாளிக்கும் வாசமே அப்படி என்றால் கருவாடு வறுக்கும் நாளில் என்ன ஆகியிருக்கும். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கரி வடிகட்டி வைத்து உள்ளேயே காற்றைச் சுழற்றும் வகை வாங்கினோம். வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. பழைய கட்டடத்தில் வாங்குகிறவர்கள் அடுப்புக்கான மின் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்குத் தனி இணைப்பு வேண்டும், எங்கள் மின்பெட்டியில் அது இல்லை. தோசைக்கல்லும் அடி தட்டையான இரும்பாகப் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

கடந்த வசந்தத்தில் சங்கத்தின் பொதுக்கூட்டம். பக்கத்துச் சமூகக்கூடத்தில் காபியும் பிஸ்கட்டும் வைத்து, முப்பது பேர் வந்திருந்தார்கள். வடக்குப் பக்க ஜன்னல்களில் பழைய இரட்டைக் கண்ணாடியை மாற்றி நல்ல காப்புள்ள கண்ணாடி போடுவதா, அதற்காகச் சந்தாவை 212லிருந்து 231ஆக ஏற்றுவதா என்பது தலைப்பு. மூன்று பேர் எழுந்து எதிர்த்துப் பேசினார்கள், ஓய்வூதியத்தில் இருப்பவர்கள், அவர்கள் கவலை நியாயமானது. நான் முன்னிரவே பராமரிப்புத் திட்டத்தைப் படித்திருந்தேன், ஜன்னல் சட்டங்களுக்குப் பெயின்ட் அடிக்க அடுத்த வருடம் சாரம் கட்டத்தான் போகிறார்கள், அப்போதே கண்ணாடியையும் மாற்றினால் சாரத்தின் செலவு ஒருமுறையோடு முடியும். உடைந்த டச்சில் அதைச் சொன்னேன். கீழ்வீட்டு அம்மா என் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லு என்றார், சொன்னேன். வாக்கெடுப்பில் நிறைவேறியது. கடைசியில் வருடக் கணக்கைச் சரிபார்க்கும் குழுவுக்கு இரண்டு பேர் வேண்டும் என்று தலைவர் கேட்டார். அரங்கில் சத்தமே இல்லை. நான் கையைத் தூக்கினேன். அடுத்த செவ்வாய் மாலை ரசீதுக் கோப்புகளோடு பொருளாளர் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், மகளையும் கூட்டிவரலாமாம், அவர் வீட்டில் பூனை இருக்கிறது.